பெயர் மாற்றக் கடிதங்கள்

சேரன்மகாதேவியில், கன்னடியன் கால் பாலத்துக்குத் தெற்கே
மூன்றாவது கடை.
பேரேட்டில் கம்பெனிக்கு ஒரு பக்கம்.
நான் வேலைக்குச் சேர்ந்தபோது பதினொரு பக்கம்.

முதல் கடிதம் கல்யாணப் பத்திரிகை மாதிரி வந்தது,
ஓரங்களில் மஞ்சள் மினுக்கோடு.
வெல்டோரா இனி கெஸ்ட்மார் குடும்பத்தில், என்றது.
"இதுல மாப்ள வீடு எதும்மா சண்முகக்கனி?"
அண்ணாச்சி சிரித்தார்.
சீர்வரிசையாக ஒரு சுவர்க்கடிகாரமும் வந்திருந்தது.

அப்புறம் பிசானத்துக்கு ஒன்று, காருக்கு ஒன்று என்று
வந்துகொண்டே இருந்தன.
மினுக்கோடு போய்விட்டது. வெறும் தாள்.
காசோலையில் எழுத வேண்டிய பெயர்,
கணக்கு எண், அவ்வளவுதான்.
நான் எந்தப் பக்கத்தையும் கிழிக்கவில்லை.
தலைப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
"பார்க்க" என்று எழுதுவேன்.
ஒன்பது ஏழைப் பார்க்கச் சொல்லும்.
ஏழு நாலைப் பார்க்கச் சொல்லும்.
நாலாம் பக்கத்துக்குத் தாள் போதாமல்
ஊசி நூல் எடுத்து ஒட்டுத்தாள் தைத்தேன்.

ஜெபசிங் வெல்டோரா. மைதீன் பிச்சை கெஸ்ட்மார்.
ஒருவர் டீ குடிக்கும் கடையில்
மற்றவர் பச்சைத்தண்ணிகூடக் குடிக்க மாட்டார்.
இவர் நோட்டீஸ் மேல் அவர் பசை தடவுவார்,
ஈரம் காயுமுன் இவர் வந்து நிற்பார்.
ஒரு சித்திரையில்
இரண்டு பேரும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள்.
பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஜெபசிங்.
ஆடிக்குள் பின்சீட்டு காலி.
நாங்குநேரிப் பக்கம் டோல்கேட்டில்
சீட்டுக் கிழிக்கிறார் என்று பிச்சை சொன்னார்,
டீயை ஆற்றிக்கொண்டே, குடிக்காமல்.

புகையான் விழுந்த வருஷம்
வயலுக்கு நடுவே வட்டம் வட்டமாகக் கருகிக் கிடந்தது,
யாரோ பெரிய சட்டியை இறக்கி வைத்த மாதிரி.
கரிசூழ்ந்தமங்கலத்து உச்சிமாகாளி
காலி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
"எக்கா, இந்த வெல்டோராக்காரன் என்னை முடிச்சிட்டான்.
மூணு தரம் அடிச்சாச்சு. பூச்சி அதுல குளிச்சிட்டுக் கெடக்கு.
இனி அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.
அவனுக்கு எவன் எதிரியோ
அவன் மருந்தைத் தாங்க."

எதிரி.
அலமாரியைப் பார்த்தேன்.
புலி போட்டது, பருந்து போட்டது, வாள் போட்டது.
திருப்பினால், எறும்பு எழுத்தில்
எல்லாவற்றுக்கும் மும்பையில் ஒரே மாடி.
அந்த மாடிக்கு மேலே, கடலுக்கு அந்தப் பக்கம்,
இன்னொரு மாடி இருக்காம்.
அதில் பங்கு வைத்திருப்பவர்களே
அதன் போட்டிக் கம்பெனியிலும் பங்கு வைத்திருக்கிறார்களாம்.
அண்ணாச்சி மகன் போனில் படித்துக் காட்டினான் ஒருநாள்.
எங்கள் பக்கத்தில் பங்காளி என்றால்
வரப்பை வெட்டுவான், கோர்ட்டுக்கு இழுப்பான்,
சாவுக்குக்கூடத் தெருமுனையில் நின்று போவான்.
இந்தப் பங்காளிகளுக்குள்
ஒரு பேச்சு முறிந்ததாகத் தகவல் இல்லை.

பருந்தை எடுத்துக் கொடுத்தேன்.

சொல்லியிருக்கலாம்.
கல்லாவில் அண்ணாச்சி இருந்தார், அது ஒன்று.
பாட்டிலைக் கையில் வாங்கியதும்
உச்சிமாகாளி முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது,
பழியைத் தீர்த்தவன் தெளிச்சி, அது இன்னொன்று.
மூன்று மாதத்தில் அவர் ஜெயித்தது அது மட்டும்தான்.
பில்லில் நேரம் போடணும்.
மூன்று கம்பெனிக் கடிகாரமும் மூன்று நேரம் காட்டின.
நடுவாந்திரமாக ஒன்றைப் போட்டேன்.
கடன். பக்கம் நாலு.

வெல்டோரா பாட்டிலைப் படியில் வைத்துவிட்டுப் போனார்,
உறவு முறித்தவன் கொடுத்த பாத்திரத்தை
வாசலோடு திருப்பி வைப்பது போல.
பருந்து அவர் மடியில் போனது.

வியாழக்கிழமை தபாலில் தடித்த உறை.
விதைக் கம்பெனி.
ஐ.ஆர். நெல்லும் வெண்டையும் வாங்குகிற இடம்,
பதினோராம் பக்கம், இதுவரை கோடு விழாதது.
ஓரத்தில் மஞ்சள் மினுக்கோடு தெரிந்தது.
பிரிக்கவில்லை இன்னும்.
ஸ்கேலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.